நரிக்கரட்டில் ஒரு வளைவு

மருதாசலம் பாதி வாழ்க்கையை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு கழித்தவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், தெலங்கானா என்று ஊர் ஊராகப் போய் போர் போட்டு, பாறைத்தூள் படிந்த தலையோடு அவர் வையப்பமலைப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது மூன்று விஷயங்கள் கூடவே வந்தன. கொஞ்சம் இந்தி, விடாத இடுப்பு வலி, தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. இந்தி ஒரே வருஷத்தில் மறந்துபோனது. இடுப்பு வலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. மூன்றாவதுதான் அவரை விட்டுப் போகவில்லை.

ஊரில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நரிக்கரட்டின் அடிவாரத்தில் இருந்த குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டை மனைவி பாவாயி பார்த்துக்கொண்டாள். இவர் இல்லாத வருஷங்களில் அவளாகவே பார்த்துப் பழகியிருந்ததால், இவர் வரப்பில் நின்று சொன்ன யோசனைகளை அவள் காதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தன் போக்கில் செய்தாள். மருதாசலம் சாப்பிட்டார், தூங்கினார், பெருத்தார். சர்க்கரை வந்தது. தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நடக்கத்தான் செய்தார். ஆனால் அந்த ஊரில் ஒரு மனிதன் வேலை இல்லாமல் ரோட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா போக முடியாது. "ஏனுங்க, வண்டி கெட்டுப்போச்சுங்களா, ஏறுங்க உட்டுட்டுப் போறேன்" என்று எல்லோரும் நிறுத்தினார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொண்டார்கள். ஆகவே அவருடைய நடைப்பயிற்சி பெரும்பாலும் யாராவது ஒருவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து டீக்கடைக்குப் போய், இரண்டு பஜ்ஜியோடு முடிந்தது. எடை இன்னும் ஏறியது.

மகன் கவின் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிள் ஒன்று மாட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றது. தடித்த டயர், முன்னால் அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர், காடு மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. சைக்கிளில் போகிறவனுக்கு யாரும் லிஃப்ட் கொடுக்க மாட்டார்கள் என்று மருதாசலம் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் லிஃப்ட் கொடுக்காதவர்களும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். டயரை டிராக்டரிலிருந்து கழற்றி மாட்டியதா என்றார் ஒருவர். இந்த வயசில் லைசென்ஸ் பிடுங்கிக்கொண்டார்களா என்றார் இன்னொருவர். "பையன் வண்டிங்க, பிரேக் புடிக்குதான்னு பாத்துத் தரச் சொன்னான்" என்று மருதாசலம் ஒரு மாதம் வரை பிரேக்கைச் சோதித்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் அந்தப் பொய் தாங்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்துதான் அவர் ரோட்டை விட்டு விலகி, கரட்டுக்குப் பின்னால் ஆடுகள் போகும் தடத்தில் சைக்கிளைத் திருப்பினார். காட்டு வழிச் சைக்கிளோட்டி ஆக வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை.

நரிக்கரடு பெரிய மலை இல்லை. பாறையும் ஊஞ்ச மரமும் ஆவாரையும் சூரை முள்ளுமாக, மயில்கள் மேயும் ஒரு குன்று. ஆட்டுத் தடம் அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, தெற்குச் சரிவில் இறங்கியது. ஏற்றத்தில் மருதாசலம் சைக்கிளைத் தள்ளினார். உண்மையில் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு நடந்தார். உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, தெற்குச் சரிவில் வண்டியை விட்டபோது, சின்ன வயதில் தூரியில் ஊஞ்சல் ஆடும்போது வயிற்றுக்குள் வரும் கூச்சம் வந்தது. மரங்கள் பின்னால் ஓடின. தான் பறக்கிறோம் என்று அவர் நினைத்த அந்த நொடியில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. அடுத்த நொடி அவர் ஆவாரம் புதருக்குள் கிடந்தார். யாராவது பார்த்தார்களா என்று முதலில் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு வெள்ளாடு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளும் போனார்.

போகப்போகத் தடத்தில் கிடந்த முள் அவருடைய டியூபைச் சல்லடையாக்கியது. பஞ்சர் ஒட்டி ஒட்டிச் சலித்து, ஒரு நாள் அருவாளோடு போய்க் காய்ந்த முள்ளை வெட்டி ஒதுக்க ஆரம்பித்தார். பாதித் தடம் சுத்தமானபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருங்க அங்க?"

காக்கி உடுப்பில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நித்யஸ்ரீ, அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த வனக் காப்பாளர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மருதாசலம் அருவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம்."

"கையில என்னாங்க ஐயா?"

"இது சைக்கிள் ரிப்பேருக்குங்க."

"அருவாள்லதான் பஞ்சர் ஒட்டுவீங்களா?"

நித்யஸ்ரீ அவரைக் கடந்து போய், குவித்து வைத்த முள்ளைக் காலால் புரட்டிப் பார்த்தாள்.

"நீங்க நிக்கறது காப்புக்காடுங்க. பச்சை மரத்துல கை வச்சிருந்தீங்கன்னா இந்நேரம் ஆபீசுல நின்னிருப்பீங்க. எல்லாம் காஞ்ச முள்ளா இருக்கு, அதான் நின்னு பேசிட்டிருக்கேன்." அவள் சுத்தமான தடத்தை நெடுக ஒரு பார்வை பார்த்தாள். "இது எதுவரைக்கும் போவுது?"

கரட்டைச் சுற்றி வருகிறது என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்தத் தடத்தில் முக்கால்வாசி, வனத்துறையின் பழைய தீத்தடுப்புக் கோடு. மாசியில் புல் காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும், கரடே எரிந்துவிடும். அதற்காகக் கரட்டைச் சுற்றி ஒரு பட்டையில் புல்லைச் செதுக்கி மண் தெரிய வைப்பார்கள். தீ அதைத் தாண்டாது. இந்தக் கரட்டுக்கு ஆள் கிடைக்காமல் அந்த வேலை பல வருஷமாக நடக்கவே இல்லை.

நித்யஸ்ரீ ரேஞ்சரிடம் பேசினாள். அவர் வந்து கரட்டைச் சுற்றி நடந்து பார்த்து அனுமதி கொடுத்தார். தடத்தைச் சுத்தம் செய்யலாம், அதில் சைக்கிளும் ஓட்டலாம், ஆனால் பச்சை மரத்தைத் தொடக்கூடாது, சரிவில் புதிதாக மண்ணைக் கிண்டக்கூடாது. மருதாசலம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரேஞ்சர் சரிவைப் பற்றிச் சொன்னபோது, இந்தச் செய்தியை டீக்கடையில் எப்படி ஆரம்பிப்பது என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாசி முழுக்க அவர் கரட்டிலேயே கிடந்தார். பாவாயி கிழங்குக் குச்சி நட ஆள் கூப்பிட்டுக்கொண்டு, தானும் குனிந்து நட்டாள்.

"நம்ம காட்டுல களை மொளைச்சுக் கெடக்குது. நீங்க கவருமெண்டு காட்டுல களை எடுக்கப் போறீங்க" என்றாள்.

"பொது வேலை பாவாயி. நாலு பேர்த்துக்கு நல்லது."

"அந்த நாலு பேர்த்துல நான் இல்லீங்களாட்ட இருக்குது."

அவர் அதைக் கவனிக்காத மாதிரி சைக்கிளில் ஏறினார்.

தடம் ஊரைத் தாண்டித் தெரிந்தது ஃபைஸானால்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடும்பத்தோடு ஜவுளி வியாபாரம் பார்க்கும் இளைஞன். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றுகிறவன். ஊர் எல்லையில் அவனுடைய டயர் பஞ்சராகி நின்றபோது மருதாசலம் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், "இக்கட்ட கரட்டுப் பக்கம் ஒரு தடம் இருக்குது, பாக்கறீங்களா தம்பி" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கீழே இறங்கி வந்த ஃபைஸானின் முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "அண்ணா, நாங்க ஓட்டறதெல்லாம் தார் ரோடுதான். மண்ணுல இப்படி ஒரு எடம் பக்கத்துலயே இருக்கறது தெரியாமப் போச்சு. நீங்கதான் எங்களுக்கு மாஸ்டர்."

அந்த ஒரு சொல்லில் மருதாசலம் கெட்டுப்போனார். அடுத்த ஞாயிறு அவர்கள் கூட்டமாக வந்தார்கள். அவருக்கு ஒரு ஹெல்மெட்டும், உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டையும் கொண்டுவந்தார்கள். மருதாசலம் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கோழிப்பண்ணைக்குத் தீவனம் வரும் மூட்டையை நடுவில் கட்டிய மாதிரி இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

துவைக்க வந்தபோது பாவாயி அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். "இதை நான் கொடியில காயப் போட மாட்டேனுங்க. பாக்கறவங்க யாருக்கு என்ன நோவுன்னு வந்து கேப்பாங்க."

மாஸ்டர் ஆகிவிட்ட பிறகு இருக்கிற தடத்தில் புல் செதுக்குவது மட்டும் அவருக்குப் போதவில்லை. வெளிநாடுகளில் காட்டுத் தடங்களை எப்படி அமைக்கிறார்கள் என்று செல்போனில் வீடியோ பார்த்தார். வளைவுகளில் வெளிப்பக்கம் மண்சுவர் எழுப்பியிருந்தார்கள். சைக்கிள் வேகம் குறையாமல் சுவரில் ஏறிச் சரிந்து திரும்பியது. நரிக்கரட்டின் தெற்குச் சரிவில் எல்லோரும் பிரேக் பிடித்துத் தட்டுத்தடுமாறும் வளைவு ஒன்று இருந்தது. அதில் ஒரு சுவர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நித்யஸ்ரீ ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த சமயம் அது. அந்தச் சமயத்தில் அவர் வேலையை ஆரம்பித்தது தற்செயல் என்று அவரே நம்பவில்லை. கல் அடுக்கி, களிமண் குழைத்துப் பூசி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். சுவருக்கு மேலே தடத்தை நேராக்கினால் வேகம் கூடும் என்று உச்சியிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு பள்ளமும் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஃபைஸான் சுவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மேலே பள்ளத்தையும் பார்த்தான். "நல்லா இருக்குங்கண்ணா. மழை வந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

மருதாசலம் சிரித்தார். "தம்பி, ஆயிரம் அடிக்குக் கீழ ஓடற தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துச் சொன்னவன் நானு. மேல ஓடறது தெரியாதா எனக்கு?"

ஃபைஸான் அதற்குமேல் கேட்கவில்லை.

வளைவு அருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சில வாரங்கள் மருதாசலம் காலையும் மாலையும் அந்தச் சுவரில் ஏறிச் சரிந்து திரும்பினார். அந்தச் சமயங்களில் அவருக்குத் தொப்பையும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்து மழை இறங்கியது. ஓட்டின்மேல் கல்லை வாரிப் போட்ட மாதிரி சத்தம். மருதாசலம் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கெழங்குக்கு ஏத்த மழை" என்று திருப்தியோடு சொன்னார்.

விடிந்ததும் பாவாயி காட்டுக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை என்று அவரும் போனார். காட்டில் முக்கால் பாகம் குளமாக நின்றது. முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்த செடிகள் செம்மண் சேற்றுக்குள் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் வந்த வழியைத் தேடவே வேண்டியதில்லை. அவர் நேராக வெட்டிய பள்ளம் ஆள் இறங்கும் ஆழத்துக்கு அரித்து ஓடையாகியிருந்தது. கரட்டின் ஒரு பக்கத்துத் தண்ணீர் முழுவதும் அதில் சேர்ந்து வந்து சுவரில் மோதியிருந்தது. சுவர் ஒரு விரிசல்கூட விடாமல் நின்றது. வந்த தண்ணீரையெல்லாம் அழகாக வளைத்து, பாவாயியின் கிழங்குக் காட்டுக்குள் திருப்பிவிட்டிருந்தது. வாழ்நாளில் அவர் கட்டியதிலேயே மிகவும் உறுதியானது அதுதான்.

"பேய் மழை" என்றார் மருதாசலம்.

பாவாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"ஆடுக வேற மண்ணை மிதிச்சுத் தூளாக்கி வச்சிருக்குது." அவள் பார்வை சுவரிலேயே இருந்தது. "சேலத்துப் பசங்களும் கூட்டமா வந்து ஓட்டி..."

"அந்தச் செவுரு யாரு கட்டுனதுங்க?"

மழை, ஆடு, ஃபைஸான் எல்லாம் தீர்ந்துவிட்டன. சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

"நாந்தான்."

பாவாயி மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நின்னுட்டிருந்தா தண்ணி தானாப் போயிராது. அக்கட்ட வரப்பை வெட்டி உடுங்க."

மதியம் வரை இருவரும் தண்ணீரை வடித்தார்கள். சேற்றிலிருந்து அவள் ஒவ்வொரு செடியாக நிமிர்த்திப் பார்த்து, வேர் அசைந்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இந்தக் குச்சிகளை அவள் குனிந்து நட்ட நாட்களில் தான் கரட்டில் சீட்டியடித்துக்கொண்டு புல் செதுக்கியது அவருக்கு நினைவு வந்தது. கிழங்கு அழுகப்போவது தெரிந்தது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் திட்டவில்லை.

நித்யஸ்ரீ பயிற்சி முடிந்து வருவதற்குள் சொல்ல வேண்டியதை எருமைக்குத் தீவனம் வைக்கும்போது அதனிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவைத்திருந்தார். அவள் வந்து, அரிப்பில் வேர் வெளியே தெரிய நின்ற ஊஞ்ச மரங்களைப் பார்த்தபோது அது எதுவும் வாயில் வரவில்லை.

"ரேஞ்சர்கிட்ட உங்களுக்காகப் பேசினது நானுங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

"எம்மேல கேஸ் போட்டுருங்க மேடம்."

"கேஸ் போட்டா நான் ஒக்காந்து எழுதணும். மண்ணு திரும்ப மேல ஏறிடுமா?" அவள் முள் கட்டொன்றை இழுத்துத் தடத்தின் வாயில் போட்டாள். "சரி பண்ற வரைக்கும் ஒரு சைக்கிளும் உள்ள வரக்கூடாது. உங்களுதும்தான்."

சுவரைக் கட்டியதைவிட இடிப்பதற்கு அதிக நாள் பிடித்தது. ஃபைஸான் கேள்விப்பட்டு நண்பர்களோடு வந்தான். சைக்கிள் இல்லாமல் பேருந்தில் வந்தார்கள். கல்லைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய் அரித்த பள்ளத்தை நிரப்பினார்கள்.

"அன்னிக்கே நான் இன்னொருக்கா கேட்டிருக்கணும்ணா" என்றான் ஃபைஸான்.

"கேட்டிருந்தா இன்னொருக்கா ஆயிரம் அடிக் கதையைச் சொல்லியிருப்பேன் தம்பி. கேக்காததே நல்லது."

பள்ளம் நிரம்பியது. ஆனால் தண்ணீரை எங்கே திருப்புவது என்ற கேள்வி நிற்கத்தான் செய்தது. மருதாசலம் ஒரு வாய்க்கால் வெட்டினார். அடுத்த மழையில் தண்ணீர் அதை மதிக்காமல் தாண்டிப் போனது. வேறொன்று வெட்டினார். அது ஒரே மழையில் தூர்ந்துவிட்டது. வெயிலில் நின்று யோசித்தால் இது புரியாது என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த முறை மேகம் திரண்டு ஊரெல்லாம் வீட்டுக்கு ஓடியபோது, சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு கரட்டுக்குப் போனார்.

பாதி ஏறியதும் பின்னால் பாவாயி குடையோடு வருவது தெரிந்தது.

"நீ எதுக்கு வாரே?"

"இடி கிடி உழுந்துருச்சுன்னா இந்த மழையில ஏன் அங்க போனாருன்னு ஊர்ல கேப்பாங்க. பதில் சொல்லோணுமில்லீங்க."

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் சரிவில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். முதலில் அது புல்லுக்கடியில் சத்தமில்லாமல் ஊர்ந்தது. தடத்தைக் கண்டதும் அதில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கலங்கி, வேகம் பிடித்தது. வேகம் பிடிப்பதற்கு முன்னால் தடத்தை விட்டு வெளியேற அது சில இடங்களில் தானாகவே முயன்றுகொண்டிருந்தது. மருதாசலம் அந்த இடங்களில் ஒரு கல்லை வைத்தார். அவர் தவறவிட்ட இடங்களைப் பாவாயி குடையால் காட்டினாள். ஓரிடத்தில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று தண்ணீர் மூன்றாவது பக்கமாகப் போனது.

மழை விட்டு இறங்கும்போது பாவாயியின் கால் வழுக்கியது. குடை ஒரு பக்கம் பறக்க, அவள் உட்கார்ந்தபடியே சேற்றுச் சரிவில் சறுக்கிக்கொண்டு போய்க் கீழே ஒரு புதரில் நின்றாள். மருதாசலம் ஓடினார். அவள் எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானுங்களா தெனமும் இங்க வாரீங்க?"

"ஆமா" என்றார் அவர். வேறு காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கல் வைத்த இடங்களில் எல்லாம், நித்யஸ்ரீ பக்கத்தில் நின்று பார்க்க, தடத்துக்குக் குறுக்கே சாய்வாகச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் கீறினார்கள். தண்ணீர் சேர்ந்து வெள்ளமாகும் முன்பே ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்குள் இறங்கியது. ஐப்பசி மழை முழுவதும் அது தாங்கியது. கார்த்திகையில் நித்யஸ்ரீ முள் கட்டை எடுத்து ஓரமாகப் போட்டாள். கிழங்கில் பாதிக்கு மேல் அழுகிப் போயிருந்தது. அந்த இடத்தில் பாவாயி மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைத்தாள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. மருதாசலமும் அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் வேகமாகத்தான் மிதிக்கிறார்.

இப்போதெல்லாம் சேலத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் வாய்க்கால்களில் அடைத்த இலையை அள்ளிவிட்டுத்தான் சைக்கிளில் ஏற வேண்டும். இது பாவாயி போட்ட சட்டம். மருதாசலத்துக்கு மண்வெட்டி பிடிக்கும் நேரம் கூடி, சைக்கிள் ஓட்டும் நேரம் குறைந்துவிட்டது. இடுப்பு வலி முன்பைவிட அதிகம். சர்க்கரை மட்டும் குறைந்திருக்கிறது என்கிறார் டாக்டர். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, நடக்கிறேன் என்று மருதாசலம் சொல்லிவைத்தார். முழுக்கதையையும் சொன்னால் மாத்திரையை மாற்றிவிடுவாரோ என்று பயம்.

அடுத்த மாசியில் புல் செதுக்கும் வேலைக்குப் பாவாயியும் வந்தாள். வெயில் ஏறும் முன்பே ஒரு பாகம் முடிந்து, செதுக்கிய புல்லைக் குவித்துவிட்டு இருவரும் தண்ணீர் குடித்தார்கள். சைக்கிள் பக்கத்தில் பாறையில் சாய்ந்திருந்தது. பாவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போறப்ப அண்ணனோட சைக்கிள நான் ஓட்டியிருக்கறனுங்க" என்றாள். "கம்பிக்கு ஊடால காலை உட்டு."

"இது அந்த மாதிரி இல்ல பாவாயி. கியர் இருக்குது. நுணுக்கம் இருக்குது."

சீட்டைக் கடைசி வரை இறக்கிக் கொடுத்தார். கியரைப் பற்றி விளக்கினார். பார்வையை எங்கே வைக்க வேண்டும், உடம்பை எப்படிச் சாய்க்க வேண்டும், முழங்கையை எப்படித் தளர்வாக வைக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் சொன்னார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சமதளமான தடத்தில் அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கிக் கையை விட்டுவிட்டார். அவள் விழவில்லை. தடம் லேசாக இறங்கத் தொடங்கியது. வண்டி வேகம் பிடித்தது.

"பிரேக் எங்கீங்க இருக்குது?" என்று அவள் குரல் வந்தது.

அதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. பாவாயி இரண்டு வாய்க்கால்களைத் தாண்டி, ஒரு மயிலை விரட்டி, செதுக்கிக் குவித்த புல் போருக்குள் நேராகப் போய் நின்றாள். அவர் இரைக்க இரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடி பட்டுருச்சா?"

"இல்லீங்க." அவள் சைக்கிளை நிமிர்த்தி, ஹேண்டில்பாரில் இருந்த இரண்டு பிரேக் பிடிகளையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தாள். "இதுதானுங்களா? சரி, நீங்க உக்காந்து மூச்சு உடுங்க. நான் ஒரு சுத்துப் போயிட்டு வாரேன்."